முகப்பு விளக்கும் மூடுபனி விளக்கும்



கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை உங்களில் சிலர் அறிந்திருக்கக் கூடும். குண்டன்னூரில் தொடங்கி, மூவாற்றுப்புழை, கோதமங்கலம் வழியாகச் சென்று, நேரியமங்கலம் பாலத்தைக் கடந்ததும் அது மலையேறத் தொடங்குகிறது. அடிமாலி, மூணாறு, தேவிகுளம், பூப்பாறை என்று வளைந்து வளைந்து சென்று போடிமெட்டில் தமிழ்நாட்டைத் தொடுகிறது. அதற்குப் பிறகு 17 கொண்டை ஊசி வளைவுகள், கீழே போடிநாயக்கனூர். முன்பு 49 என்ற எண்ணால் வழங்கிய அச்சாலையின் இப்பகுதிக்கு இன்று 85 என்று எண். மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் எனக்கு அது வெறும் நெடுஞ்சாலை அன்று. ஊருக்குப் போகும் வழி. வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர் ஒவ்வொருவருக்கும் இத்தகைய ஒரு வழி இருக்கும். அவ்வழியில் எந்தத் திருப்பத்தில் தேநீர்க் கடை, எந்த இடத்தில் மழைநீர் தேங்கும் என்பதெல்லாம் மனப்பாடமாகியிருக்கும்.

அந்த வழியின் குணங்களில் ஒன்று மூடுபனி. மட்டாஞ்சேரியில் அதை நாங்கள் காண்பதில்லை. இங்கே மழை உண்டு, உப்புக் காற்று உண்டு, பஜார் சாலையில் சுக்கும் மிளகும் கலந்த நெடி உண்டு. தேவிகுளத்தைத் தாண்டினாலோ, மாலை ஐந்து மணிக்கே வெள்ளைத் துணியைக் கண்முன் தொங்கவிட்டாற்போல் பனி இறங்கிவிடும். முகப்பு விளக்கின் ஒளி அதில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்கிறது. ஆகவே என் பழைய சிறிய காருக்குக் கூடுதலாக இரண்டு மூடுபனி விளக்குகள் பொருத்த விரும்பினேன். அதனால் விளைந்ததையும், அதிலிருந்து நான் கற்றதையும் இன்று சொல்ல எண்ணுகிறேன். நான் படித்தது கலைப் பாடம். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டு அறிந்ததும் கேட்டு அறிந்ததுமே.

விளக்குகள் இரண்டும் தலைக்கு 55 வாட். ஒரு கடையில் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். முகப்பு விளக்குக்குச் செல்லும் வயரின் மேலுறையைச் சீவி, புதிய விளக்குகளின் வயரை அதில் சுற்றி, கறுப்பு நாடாவை ஒட்டினார்கள். முகப்பு விளக்கைப் போட்டால் இவையும் எரியும். இதைவிட எளிய வழி உண்டோ என்று நானும் மகிழ்ந்தேன். அன்று மாலையே ஃபியூஸ் போயிற்று. திரும்பவும் கடைக்குச் சென்றேன். 15 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகி, "இனிமேல் போகாது" என்றார்கள். அவர்கள் சொன்னது மெய்தான். ஃபியூஸ் அதற்குப் பிறகு போகவே இல்லை.

அந்த மார்கழியில் தந்தையாரின் திதிக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு போடிக்குப் புறப்பட்டேன். பூப்பாறையைத் தாண்டிப் போடிமெட்டை நோக்கிச் செல்லும்போது பொழுது சாய்ந்துவிட்டது, பனியும் சூழ்ந்துகொண்டது. எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. சிறிது நேரத்தில் ஏதோ கருகும் நாற்றம் வந்தது. "என்னடா, ரப்பர் தீயுற வாசனை?" என்றார் அம்மா. நான் பதில் சொல்வதற்குள் ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலிருந்து மெல்லிய புகை எழுந்தது. மறுகணம் முகப்பு விளக்கும் இல்லை, மூடுபனி விளக்கும் இல்லை. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். எது எந்தப் பக்கம் என்பது தெரியவில்லை. வண்டியை அப்படியே நிறுத்தினேன். அபாய அறிவிப்பு விளக்குகளுக்கு வேறு ஃபியூஸ், வேறு ஸ்விட்ச். ஆகவே அவை மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன.

பின்னால் ஒரு ஜீப் வந்தது. போடிப் பக்கத்துப் பெண்கள் நாள்தோறும் விடியலில் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு மாலையில் ஜீப்புகளில் ஊர் திரும்புவது வழக்கம். அவ்வாறு திரும்பும் ஜீப் அது. ஓட்டுநர் இளைஞர். இறங்கி வந்து பார்த்தவர், "அண்ணே, என் பின் விளக்கை விடாமல் பார்த்துக்கொண்டு வாருங்கள். மெட்டு வரைக்கும் நடந்து போகிற வேகத்தில்தான் போவேன்" என்றார். அம்மாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, முன் இருக்கையில் இருந்த பெண்கள் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். சிவப்புப் புள்ளி இரண்டைத் தவிர வேறொன்றையும் பாராமல் நான் அந்தத் தொலைவைக் கடந்தேன். போடிமெட்டுச் சோதனைச் சாவடியின் அருகே காரை நிறுத்திவிட்டு, நானும் அதே ஜீப்பில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் பகல் வெளிச்சத்தில்தான் கார் கீழே இறங்கியது. திதி தவறவில்லை.

நிற்க. நடந்தது என்ன என்பதை எனக்கு விளங்க வைத்தவர் மட்டாஞ்சேரி அரண்மனைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் முதிய மின்பணியாளர். அக்கம்பக்கத்தார் அவரை 'இக்கா' என்றே அழைப்பர். நானும் அவ்வாறே அழைக்கிறேன். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு வயரிங் செய்து தொழில் பழகியவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். உருகிக் கட்டியாகிப் போன ஸ்விட்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "ஸாரே, ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையை இது செய்திருக்கிறது" என்றார்.

கணக்கு மிக எளியது. காரின் பாட்டரி 12 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டு, ஆக 110 வாட். அதை 12-ஆல் வகுக்க, 9 ஆம்பியருக்குச் சற்று மேல். அந்த அளவு மின்னோட்டத்தைத் தாங்கும்படிதான் வயரின் பருமனும் ஸ்விட்சின் தகடுகளும் அமைக்கப்பட்டிருந்தன. அதே வயரில் இன்னொரு 110 வாட்டைத் தொங்கவிட்டதும் மின்னோட்டம் 18 ஆம்பியரைத் தாண்டியது. 15 ஆம்பியர் ஃபியூஸ் அறுந்தது அதன் கடமையைச் செய்ததே ஆகும். அதை வாய்மூடச் செய்துவிட்டு 30 ஆம்பியரைப் போட்டது, காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாகும்.

இதில் நான் அறியாதிருந்த ஒன்று உண்டு. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பமும் இரு மடங்காகும் என்றுதான் நம் மனம் கணக்கிடும். உண்மையில் நான்கு மடங்காகிறது. ஏனெனில் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்விட்சின் தகடுகள் தேய்ந்தும் கறுத்தும் இருந்தால் அவ்விடத்தில் தடை மிகுந்து, அங்கேதான் சூடு குவிகிறது. ஸ்விட்சின் பிளாஸ்டிக் இளகியதும் தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகுகின்றன. பிறகு இருட்டு.

இன்னொரு வேடிக்கை: ஸ்விட்ச் உருகாமல் இருந்திருந்தாலும் நான் எதிர்பார்த்த அளவுக்கு ஒளி கூடியிருக்காதாம். வயர், ஸ்விட்ச், இணைப்புகள் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 18 ஆம்பியர் செல்லும்போது வழியிலேயே கிட்டத்தட்ட 1.8 வோல்ட் தொலைந்து போகிறது. இழை விளக்கின் ஒளியோ வோல்ட் சிறிது குறைந்தாலும் பெரிதும் மங்கும் இயல்புடையது. பத்து விழுக்காடு வோல்ட் குறைந்தால் முப்பது விழுக்காடு ஒளி குறையும். ஆக, புதிய விளக்குகளை மாட்டிய நான் பழைய விளக்குகளின் ஒளியையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டேன்.

இதற்குப் பரிகாரம் 'ரிலே' என்னும் சிறு பெட்டி. தீப்பெட்டியினும் சிறியது, விலையும் மிகக் குறைவு. அதனுள்ளே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அச்சுருளில் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்னோட்டம் பாய்ந்தால் போதும். அது காந்தமாகி, பக்கத்திலுள்ள ஒரு தகட்டை இழுக்கும். தகடு ஒட்டியதும் பாட்டரியிலிருந்து வரும் பெரிய மின்னோட்டம் அதன் வழியே விளக்குகளுக்குப் பாயும். முகப்பு விளக்கின் வயர் இப்போது புதிய விளக்குகளின் பாரத்தைச் சுமப்பதில்லை. 'நான் எரிகிறேன், நீயும் எரி' என்ற செய்தியை மட்டும் கொண்டு செல்கிறது.

இக்கா இதை எனக்கு விளக்கிய விதம் மட்டாஞ்சேரிக்கே உரியது. "பஜாரில் வியாபாரி மூட்டை சுமந்து பார்த்திருக்கிறீரா? அவர் ஒரு சீட்டு எழுதுவார். சீட்டைப் பையன் கிடங்குக்குக் கொண்டுபோவான். மூட்டை கிடங்கிலிருந்து நேரே லாரிக்குப் போகும். உமக்கு விளக்கு மாட்டியவர்கள் சீட்டுக் கொண்டு போகும் பையன் தலையில் மிளகு மூட்டையை ஏற்றிவிட்டார்கள்" என்றார். மிளகின் முன்பேரச் சந்தையே யூதத் தெருவில் நடந்த ஊரல்லவா இது!

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். 'ரிலே' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? கலைச்சொல் அகராதிகளில் பல சொற்கள் உள்ளன. பட்டறையில் ஒன்றும் வழங்குவதில்லை. ஆனால் வானொலியில் நமக்கு ஒரு சொல் பழகியிருக்கிறது. ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்பினால் அதை 'அஞ்சல்' என்கிறோம். களைத்த குதிரையை நிறுத்திவிட்டுப் புதுக் குதிரையில் தபாலை ஏற்றி அனுப்பும் பழைய முறையையும் ஆங்கிலேயர் அதே 'ரிலே' என்ற சொல்லால்தான் குறித்தனர். 1830-களில் தந்தி ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்களுள் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி, நெடுந்தொலைவு சென்று நலிந்த மின்னோட்டத்தைக் கொண்டு ஒரு காந்தத்தை இயக்கி, அதனால் புதிய மின்சுற்று ஒன்றைத் திறந்து மூடலாம் என்று காட்டினார். களைத்த குதிரை, புதுக் குதிரை, அதே கருத்து. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. தந்திக்குப் பிறந்த அந்தச் சிறு கருவியோ நம் காரின் பானெட்டுக்கு அடியில் இன்றும் 'டக்' என்று தட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்லைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. வண்டி தீப்பிடித்த செய்திகளில் நம் பத்திரிகைகள் 'மின்கசிவு காரணமாக' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கசிவு என்றால் சிறிது சிறிதாக ஒழுகுவது. இங்கே நிகழ்வதோ, வயரின் உறை தேய்ந்து செம்பு வண்டியின் இரும்பைத் தொட, விளக்கைச் சுற்றிப் போக வேண்டிய மின்சாரம் குறுக்கு வழியில் ஒரே பாய்ச்சலாகப் பாய்வது. 'குறுக்குச் சுற்று' என்பதே தகும். சொல் தவறினால் காரணமும் தவறாக விளங்கும். 2023 பிப்ரவரியில் கண்ணூரில் ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று தீப்பிடித்து, மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்த கணவனும் மனைவியும் மாண்டபோது நாடே அதிர்ந்தது. அதன் காரணத்தைப் பற்றிப் பலவாறு பேசப்பட்டது. அதை நான் தீர்த்துச் சொல்ல இயலாது. வெளியில் மாட்டிக்கொள்ளும் மின்சாதனங்களைப் பற்றியும் கேரள மக்கள் அதன் பிறகு கவலையோடு பேசினார்கள்.

இனி, இக்கா என் வண்டியில் செய்த வேலையைச் சொல்கிறேன். முதலில் பாட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றி வைத்தார். ஏன் அதை முதலில் என்று கேட்டேன். நேர்மின் முனையில் ஸ்பானரைப் போட்டிருக்கும்போது அதன் மறுகோடி வண்டியின் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். எதிர்முனை கழன்றிருந்தால் அந்த அச்சமில்லை என்றார்.

ரிலேயின் அடியில் நான்கு கால்கள். அவற்றுக்கு 30, 87, 85, 86 என்று எண்கள். ஜெர்மானியர் வகுத்த முறை இது. இன்று உலகெங்கும் வழங்குகிறது. பாட்டரியின் நேர்முனையிலிருந்து வரும் தடித்த வயர் 30-க்கு; விளக்குகளுக்குப் போவது 87-லிருந்து. 85-உம் 86-உம் கம்பிச் சுருளின் இரு முனைகள். முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளிக்குச் செல்லும் வயரிலிருந்து ஒரு மெல்லிய வயரை எடுத்து, அதனிடையே ஒரு சிறு ஸ்விட்சை வைத்து, 86-இல் இணைத்தார். 85 வண்டியின் இரும்போடு சேர்ந்தது.

செய்தியை முகப்பு விளக்கிலிருந்து எடுப்பானேன், பாட்டரியிலிருந்தே எடுத்தால் என்ன என்று நான் கேட்டதற்கும் விடை இருந்தது. அவ்வாறு செய்தால் வண்டியை நிறுத்திவிட்டு மறதியாக இறங்கிப் போனாலும் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். 9 ஆம்பியர் வீதம் செலவானால், 35 ஆம்பியர்-மணி பாட்டரி நான்கு மணி நேரத்துக்குள் வற்றிவிடும். முகப்பு விளக்கோடு சேர்த்துவிட்டால் அதை அணைத்ததும் இதுவும் அணையும். மேலும், நெடுந்தூர ஒளிக்கு மாற்றும்போது தாழ்ந்த ஒளியின் வயரில் மின்சாரம் நின்றுவிடுவதால் மூடுபனி விளக்குகளும் நின்றுவிடும்.

ஃபியூஸ் 15 ஆம்பியர். அதைப் பாட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள்ளேயே வைத்தார். ஃபியூஸுக்கும் பாட்டரிக்கும் இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை. அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதற்காக ஒரு கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தரவல்லது பாட்டரி. அந்த வலிமை ஒரு மெல்லிய வயரில் குறுக்கே பாய்ந்தால் வயர் நெருப்புக் கம்பியாகிவிடும். விளக்குகளுக்கு அவர் இழுத்தது இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் வயர். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் போட்டார்.

அவர் மிகுதியாக நேரம் செலவிட்டது எர்த் இணைப்பில்தான். மரப் படகில் மின்சாரம் திரும்பி வருவதற்குத் தனி வயர் வேண்டும். காரில் அந்த வயர் இல்லை. வண்டியின் இரும்பு உடலே திரும்பும் வழி. ஆனால் பெயிண்டின்மேல் ஆணியை முடுக்கினால் வழி அடைபட்டுவிடும். உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு முடுக்கி, மேலே கிரீஸ் பூசினார். "கடற்காற்று ஊரில் பாதி ரிப்பேர் எர்த் ரிப்பேர்தான் ஸாரே" என்றார்.

எல்லா வண்டிகளுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று யாரும் கொள்ள வேண்டா. சில வண்டிகளில் முகப்பு விளக்கின் ஸ்விட்ச் நேர்மின் பக்கத்தில் இல்லாமல் எர்த் பக்கத்தில் இருக்கும். அங்கே கம்பிச் சுருளை இணைக்கும் முறையே வேறு. புதிய கார்களில் விளக்குகளைக் கணிப்பொறி ஒன்று மேற்பார்க்கிறது. அந்த வயரைச் சீவினால் அது பிழை என்று அறிவிக்கும், உத்தரவாதமும் போய்விடும். அத்தகைய வண்டிக்காரர்கள் வண்டிக் கம்பெனியே தரும் வயரிங் தொகுதியை வாங்கிக்கொள்வதே தக்கது.

சட்டத்தையும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ஆவது விதி, வண்டியின் முன்புறம் கூர்ந்து பாயும் தேடுவிளக்குகள் பொருத்துவதைத் தடை செய்கிறது. தவிர்க்க முடியாத நிலையில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். மூடுபனி விளக்கு அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது தாழ இருந்து, அகலமாக, தரையோடு தரையாக ஒளி வீச வேண்டியது. பனித்துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி நம் கண்மட்டத்துக்கு வாராமல் கீழேயே நின்றுவிடுவதால்தான் அதனால் பயன். இன்று கடைகளில் விற்கும் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. குழல்களைக் கூரைமேல் கட்டிக்கொண்டு பனியில் செல்பவர் தமக்கும் வழி காணார். எதிரே வருபவரையும் குருடாக்குவார். எல்.இ.டி. விளக்கு குறைந்த மின்சாரத்தில் எரிவது உண்மை; 20 வாட்டுக்கு இரண்டு ஆம்பியர்கூட ஆவதில்லை. வயர் தப்பும், கண் தப்பாது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கையும் பழையது. பிரான்சில் 1930-களிலிருந்து 1993 வரை முகப்பு விளக்குகளே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆயினும் பனித்துளி, ஒளியலையை நோக்க மிகப் பெரியது. நிறத்தைப் பார்த்து அது வழிவிடுவதில்லை. மஞ்சள் சிலருடைய கண்ணுக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவே.

வேலை முடிய ஒரு பகல் ஆயிற்று. கூலி, முதற் கடையில் கொடுத்ததைவிட இரு மடங்கு. புதிய ஸ்விட்சுக்கான விலை வேறு.

அடுத்த முறை ஊருக்குப் போனபோதும் பூப்பாறைக்கு அப்பால் பனி இருந்தது. சிறு ஸ்விட்சை அமுக்கினேன். பானெட்டுக்குள் 'டக்' என்றது. "அது என்ன சத்தம்?" என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இக்கா சொன்ன சீட்டுக் கதையைச் சொன்னேன். அவர் அதைக் கேட்டாரோ என்னவோ, மெட்டு வரும் வரை ஸ்டீயரிங் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போடிமெட்டில் தேநீர்க் கடை அருகே நிறுத்தி அந்த ஜீப் ஓட்டுநரை விசாரித்தோம். அவர் இப்போது வேறு தோட்டத்துக்கு ஓட்டுகிறாராம். அம்மா கொண்டுவந்திருந்த மட்டாஞ்சேரி நேந்திரங்காய் வறுவலைக் கடைக்காரரிடம் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொன்னார்.

அதன் பிறகு இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. சென்ற மாதம் இடப்புற மூடுபனி விளக்கு சற்று மங்கியது. திறந்து பார்த்தால் எர்த் ஆணியைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று களிம்பு பூத்திருந்தது. இக்காவிடம் போகவில்லை, உப்புத்தாளும் கிரீஸும் கொண்டு நானே துடைத்து முடுக்கினேன். வலப்புறத்தைத் துடைக்க வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது.